கலாத்தியரின் ஏழு வண்டிகள்

எங்கள் ஊரில் எட்டுச் சாமிகளுக்கு எட்டுக் கோயில் இருந்தது. குளிப்பதற்கு மட்டும் ஒரே இடம். அந்தக் குளியல்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் கூராஸ் அண்ணன். அடுப்பில் விறகு தள்ளுவதும், காலையில் பெண்களுக்கும் மதியத்துக்கு மேல் ஆண்களுக்கும் கதவு திறப்பதும், தண்ணீர் ஆறிப்போச்சு என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் அவர் வேலை. எந்த மொழியில் திட்டினாலும் அதே மொழியில் திருப்பிக் கொடுப்பார். கலாத்தியர், சீரியர், பொன் சுரங்கத்துக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட இல்லிரியர், படையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர்கள், மலையிலிருந்து பாலாடைக்கட்டி விற்க இறங்கிவரும் தாக்கியர் எல்லோருடைய முதுகும் அவருக்கு அத்துப்படி.

அவருடைய முன்னோர் தத்மோர் நகரத்து வில்லாளிகள். அன்றைய சக்கரவர்த்தி எங்கள் ஊர் இருக்கிற இந்தத் தாக்கியா நாட்டைப் பிடித்த கையோடு வடக்கு எல்லையைக் காக்க அவர்களைப் பாலைவனத்திலிருந்து கொண்டுவந்து இந்தப் பனிக்குள் இறக்கினார். அது நடந்து நூற்றைம்பது வருஷம். கூராஸ் அண்ணனுக்குத் தத்மோர் மொழியில் தெரிந்ததெல்லாம் பேல் சாமிக்குச் சொல்லும் நாலு வரிதான். அதற்கும் அர்த்தம் தெரியாது.

"சாமிக்குப் புரிஞ்சாப் போதும் தங்கச்சி, எனக்கெதுக்கு?" என்பார்.

அவர் மனைவி சியாயிஸ் தாக்கியப் பெண். சின்ன வயதிலிருந்து என் சிநேகிதி. அவர்களுக்கு மல்கஸ் என்று ஒரே மகன்.

எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒட்டுச்சுவர். நாங்கள் ரொட்டி சுட்டு விற்றோம். என் வீட்டுக்காரர் தெயோதரஸ், கலாத்தியர். பூர்வீகம் அங்கிரா. அந்த ஊரை அவரும் பார்த்ததில்லை, அவர் அப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் பேச ஆரம்பித்தால் நேற்றுச் சாயங்காலம்தான் அங்கிருந்து வந்து இறங்கியவர் மாதிரி பேசுவார். நானும் கலாத்தியப் பெண் என்றுதான் ஊரில் பேர். அப்பா கலாத்தியர்தான். என்னைப் பெற்றவள் சுரங்கத்து இல்லிரியப் பெண். நான் தவழ்வதற்குள் செத்துப்போனாள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, ஒரு கலாத்தியப் பெண்ணைக் கட்டி, அவள் பெற்ற பிள்ளை என்றே என்னை வளர்த்தார். கலாத்தியர் சங்கத்தில் தாய் தகப்பன் இருவரும் கலாத்தியராக இருந்தால்தான் இடம். பிள்ளைக்குப் பெயர் வைப்பதும், செத்தால் தூக்க வருவதும் சங்கம்தான். என் அம்மாவைப் பற்றி நான் வாய் திறந்து சொன்னது ஒரே ஒருத்தியிடம். பதினாலு வயதில், ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, சியாயிஸிடம்.

என் மகள் பசில்லாவுக்குப் பதினெட்டு முடிந்தபோது அவளும் மல்கஸும் ஒருவரையொருவர் விரும்புவது தெருவுக்கே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் கூராஸ் அண்ணனே எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்.

"சம்பந்தி, எம் பையனுக்கு வெந்நி வைக்கிறதத் தவிர ஒண்ணும் தெரியாது. இப்பவே சொல்லிடறேன்."

"எம் பொண்ணுக்கு அதுகூடத் தெரியாது" என்றேன் நான்.

"அப்ப ரெண்டும் பச்சத் தண்ணியிலயே குடும்பம் நடத்தட்டும்."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. மல்கஸ் ஓர் இரும்பு மோதிரம் போட்டுவிட்டான். அறுவடை கழிந்து கல்யாணம் என்று வைத்தோம்.

அறுவடைக்கு முன்னால் சேதி வந்தது. தெற்கிலிருந்து வந்த சிப்பாய்கள் கொண்டுவந்தார்கள். தத்மோர்க்காரர்கள் சக்கரவர்த்தியை எதிர்த்துப் படை திரட்டினார்களாம், அதற்கு அவர்கள் ராணியே தலைமையாம், சக்கரவர்த்தி போய் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டாராம். கடையில் ரொட்டிக்கு நின்றவர்கள் இதைக் கேட்டுவிட்டு மெதுவாக அடுத்த சுவரைப் பார்த்தார்கள்.

முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது.

"என்ன கூராஸ், உங்க ராணி எப்படி இருக்கா?" என்று குளிக்க வந்த ஒருவன் கேட்டான்.

"யாரு, எம் பொண்டாட்டியா? காலையில அடுப்ப ஊதிக்கிட்டுக் கண்ணக் கசக்கிக்கிட்டிருந்தா. போய் வேணா விசாரிச்சுக்க" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பத்து நாளைக்குத் தாங்கியது. பிறகு பேல் கோயில் கதவில் யாரோ சாணியை அடித்தார்கள். பிறகு கல். கோயிலுக்குள் விளக்கேற்றப் போன வயசான தத்மோர்க்காரர் ஒருவர் நெற்றி உடைந்து வந்தார். அதற்குப் பிறகு, தத்மோர்க்காரன் கையில் ஊர்த் தண்ணீர் இருக்கிறதே, எதையாவது கலந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. நான் கிளப்பவில்லை. ஆனால் அந்த வாரம் நான் குளிக்கப் போகவில்லை. வீட்டிலேயே தண்ணீர் காய்ச்சிக்கொண்டேன்.

சியாயிஸ் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்:

"ஏண்டி அம்மியா, உடம்பு சரியில்லையா? ஆளையே காணோம்?"

"இடுப்பு வலி" என்றேன்.

அவள் போய்விட்டாள்.

மாதம் முடிவதற்குள் ஊர்ச்சபை கூராஸ் அண்ணனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டது. சாவியை வாங்கியவர்களில் யாருக்கும் அடுப்பு மூட்டத் தெரியாது. கூடம் குளிர்ந்து, தளத்தில் பாசி பிடித்தது. அதே வாரம் என் வீட்டுக்காரர் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். நான் மேஜைமேல் வைத்தேன். கூராஸ் அண்ணன் அதை எடுக்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

"தங்கச்சி, ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த ஊர் எந்தத் திசையில இருக்கு? கிழக்குன்னு எங்கப்பா சொல்வாரு. நான் பாத்ததே இல்லையே. அந்த ஊர்க்காரன் செஞ்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"எல்லாம் அடங்கினப்புறம் பேசிக்கலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். பசில்லா மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சாப்பிட்டாள். எங்களோடு பேசுவதை அதோடு குறைத்துக்கொண்டாள்.

அடங்கவில்லை. அடுத்த வசந்தத்தில் படையே கிளம்புகிறது என்று உத்தரவு வந்தது. தாக்கியாவை இனிமேல் காக்க முடியாது, டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே எல்லோரும் போய்விட வேண்டும், அங்கே நிலம் தருவார்கள் என்று ஊர்ச் சதுக்கத்தில் படித்தார்கள். ஒரு கிழவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தார்கள். அதே வார்த்தைகள்தான்.

வண்டிகளைச் சங்கம் சங்கமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கலாத்தியருக்கு ஏழு, சீரியருக்கு ஐந்து, ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்குப் பத்து. வண்டியில் வருகிறவர்களுக்குத்தான் படையின் காவல். வண்டித் தலைவர், 'இவர் எங்கள் ஆள்' என்று சொன்னால்தான் ஆற்றில் படகு ஏற்றுவார்கள். மலைத் தாக்கியரை யாரும் கூப்பிடவுமில்லை, அவர்கள் கேட்கவுமில்லை. தத்மோர்க்காரர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். விசாரணை முடிந்த பிறகு அவர்களுக்கு வண்டி வரும் என்றார்கள். விசாரிக்கிறவர் யார் என்று கூராஸ் அண்ணன் போய்க் கேட்டார். அந்த அதிகாரி போன வாரமே தெற்கே போய்விட்டார் என்று சொன்னார்களாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் சியாயிஸ் வந்தாள். வாசற்படி ஏறவில்லை.

"நாங்க கெடக்கோம்டி. எனக்கு மலைமேல அண்ணன் தம்பி இருக்காங்க, எப்படியோ பொழச்சுக்குவோம். மல்கஸ மட்டும் கூட்டிட்டுப் போ. மருமகன்னு சொல்லு. மோதிரம் இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

"அவர்கிட்டக் கேக்கறேன்."

"கேப்பியா?"

"கேக்கறேன்னு சொன்னேன்ல."

நான் கேட்கவில்லை. மாவு மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். கேட்கலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் அவர், "எல்லாக் கலாத்தியக் குடும்பமும் ஒண்ணா நிக்கணும், அதான் முக்கியம்" என்று யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தெற்கு வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. படையின் நூற்றுவர் தலைவன் ஒருவன் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். இளவயது, இந்த ஊர்க்காரன் இல்லை. எங்கள் சங்கத் தலைவர் சோத்திகஸ் அவன் பக்கத்தில் நடந்து வந்தார். எங்கள் வண்டிக்கு அவர்கள் வந்தபோது மல்கஸ் சக்கரத்தின் பக்கத்தில் பசில்லாவின் துணிமூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். வாசலுக்கு அந்தப் பக்கம், மதில் ஓரமாக, கூராஸ் அண்ணனும் சியாயிஸும் நின்றிருந்தார்கள்.

"இவன் யாரு?" என்றான் தலைவன்.

"இவங்க வீட்டு மருமகன்" என்றான் மல்கஸ்.

தலைவன் சோத்திகஸைப் பார்த்தான். சோத்திகஸ் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் மாட்டின் நுகத்தைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

"நம்ம வண்டியில வர்றவங்க தாய்வழி தகப்பன்வழி ரெண்டுலயும் கலாத்தியரா இருக்கணும். அப்படி இல்லாதவங்க யாரா இருந்தாலும் இப்பவே எறங்கிக்கட்டும்" என்று சோத்திகஸ் எல்லா வண்டிகளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அவர் மல்கஸைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"ஏம்மா, நீ சொல்லு. உங்காளா?" என்று தலைவன் என்னிடம் கேட்டான்.

பசில்லா வண்டிக்குள்ளிருந்து என் தோளைப் பிடித்தாள்.

"எங்காளு இல்லைங்க. குளியல்கூடத்துல வேலை பார்த்தவரு மகன். மூட்டை தூக்க வந்தான்" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் சியாயிஸைப் பார்த்தேன். அவள் காதில் விழுந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். ஒரே வார்த்தை போதும். இவ அம்மா சுரங்கத்து இல்லிரியச்சி என்று ஒரு தடவை கத்தினால் நானும் என் மகளும் அந்த இடத்திலேயே இறங்கியிருப்போம். அவளும் அதை நினைத்தாள், எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம்.

அவள் என்னை விட்டுவிட்டு மகனைப் பார்த்தாள்.

"வாடா, இந்தப் பக்கம் வா" என்றாள்.

மல்கஸ் மூட்டையை வண்டியில் வைத்தான். பசில்லா இறங்கப் பார்த்தாள். அவள் அப்பா இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. அவள் கத்தியது ஊர் மதில் மறைகிறவரை நிற்கவில்லை.

ஆற்றுக்குப் பதினொரு நாள் வழி. முதல் நாளே கவனித்தோம், கடைசி வண்டிக்கும் பின்னால், கூப்பிடு தூரத்துக்கும் அதிகமான இடைவெளியில் மல்கஸ் நடந்து வந்துகொண்டிருந்தான். அவனோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், எந்தச் சங்கத்திலும் சேராதவர்கள். நெருங்கி வந்தால் காவலர்கள் கல்லெறிந்தார்கள். கல் விழுந்தால் நிற்பார்கள், பிறகு மறுபடி நடப்பார்கள். வண்டிகள் கிளம்பும்போதெல்லாம் பசில்லா பாதையோரக் கல் ஒன்றின்மேல் ஒரு ரொட்டியை வைத்துவிட்டு ஏறுவாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. மேடு வரும்போது திரும்பிப் பார்ப்போம். அவன் குனிந்து எடுப்பது தெரியும்.

"அம்மா, காவக்காரங்ககிட்டச் சொல்லு. ஒரு வார்த்த சொல்லு. நம்மாளுதான், அன்னைக்குப் பயத்துல சொல்லிட்டேன்னு சொல்லு" என்றாள் மூன்றாம் நாள்.

"உங்கப்பாகிட்டக் கேளு."

"நான் உங்கிட்டக் கேக்கறேன்."

"ஆத்தங்கரைக்குப் போய்ப் பாத்துக்கலாம். அங்க பெரிய அதிகாரிங்க இருப்பாங்க" என்றேன்.

ஐந்தாம் நாள் காலை வைத்த ரொட்டியை மதியம் வண்டிகள் நின்றபோது கடைசி வண்டிக்காரன் கொண்டுவந்து கொடுத்தான். மறந்துபோன மாட்டுக்கயிற்றை எடுக்கப் பின்னால் போனானாம்.

"கல்லு மேல அப்படியே இருந்துச்சும்மா. யாரும் எடுக்கல."

பின்னால் பாதை காலியாக இருந்தது. குதிரைக்காரக் கொள்ளைக்கூட்டம் மலைச்சரிவில் இறங்கியதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அவர்கள் ஊருக்கே திரும்பிப்போய்விட்டார்கள் என்று இன்னொருவன் சொன்னான். இரண்டும் பொய்யாக இருக்கலாம். படைத்தலைவனிடம் பசில்லாவே போய்ப் பேசினாள். எங்கள் வண்டிகளைச் சேராதவர்களுக்காக ஆள் அனுப்ப முடியாது என்று அவன் மரியாதையாகவே சொன்னானாம். அந்த ரொட்டியை அவள் ஆற்றங்கரை வரும்வரை மடியில் வைத்திருந்தாள். பிறகு என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை.

தென்கரையில் எங்களுக்குக் கொடுத்த நிலம் ஈரமானது, கோரை மண்டியது. ரொட்டி சுட்டவர்கள், தோல் தைத்தவர்கள், எண்ணெய் விற்றவர்கள் எல்லோரும் மண்வெட்டி பிடித்தோம். உள்ளூர்க்காரர்கள் எங்களைச் சந்தையில் பார்த்தால் மூட்டையை இழுத்து அணைத்துக்கொள்வார்கள்.

"தாக்கியக் கூட்டம் வருது, கோழியப் புடிச்சுக் கட்டு" என்று பெண்கள் சத்தமாகவே சொல்வார்கள்.

"நான் தாக்கியன் இல்லம்மா, கலாத்தியன். அங்கிராவுலேருந்து வந்த குடும்பம்" என்பார் என் வீட்டுக்காரர்.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்கதானே? அப்ப தாக்கியந்தான்."

இதை அவரால் தாங்க முடியவில்லை. கூட்டம் கூட்டச் சொல்லிச் சோத்திகஸிடம் போவார். கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஏழு வண்டியில் வந்தவர்கள் ஏழு திசையில் நிலத்தைத் தேடிச் சிதறிப்போயிருந்தார்கள். மூன்றாம் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து அவர் செத்தார். தூக்குவதற்குச் சோத்திகஸும், இரண்டு சீரியர்களும், அடுத்த வயலில் இருந்த, சங்கமே இல்லாத ஒரு இல்லிரியனும் வந்தார்கள்.

புதைத்துவிட்டு வந்து சோத்திகஸ் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார். கஞ்சி கொடுத்தேன். அவருக்கும் வயசாகியிருந்தது.

"அந்த இல்லிரியப் பையன் நல்லாக் குழி வெட்டினான். உங்கம்மா பக்கத்து ஆளுங்க எல்லாருக்குமே மண்ணு வேலை கைவந்ததுதான்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. "எங்கம்மா பக்கமா?"

"சுரங்கத்துக்காரிதானே உங்கம்மா? உங்கப்பன் கைக்கொழந்தையோட வந்து நின்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். சங்கத்துல பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். யாரு அதயெல்லாம் பாத்தா? எம் பொண்டாட்டியே பாதித் தாக்கியச்சிதான்."

"அன்னைக்கு வாசல்ல சொன்னீங்களே... ரெண்டு வழியிலயும் இருக்கணும்னு."

"அதா? அந்தத் தலைவன் காதுக்காகச் சொன்னேன். தத்மோர்ப் பையன் ஏறியிருந்தா ஏழு வண்டியையும் நிறுத்தியிருப்பான். நீ உம் மருமகன்னு அடிச்சுச் சொல்லியிருந்தா நானும் ஆமான்னு சொல்லிப் பாத்திருப்பேன். நீயே இல்லன்னுட்டியே."

அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார். ஊற்றினேன். பசில்லா மூலையில் அப்பாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. பிறகு மறுபடி மடித்தாள். என் அம்மாவைப் பற்றி அவள் கேள்விப்பட்டது அன்றுதான். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயந்துபோனேன் என்று சொல்லியிருப்பேன். அந்தப் பயத்துக்கும் ஆதாரம் இல்லை என்று அந்தக் கிழவர் சொல்லிவிட்டாரே, அதற்குமேல் என்ன சொல்வது?

அடுத்த வருஷம் உள்ளூர்க் குடும்பம் ஒன்று பெண் கேட்டு வந்தது. மனைவியை இழந்தவன், நல்ல உழைப்பாளி, முப்பத்தைந்து வயது. அவன் அம்மா நேராகப் பேசுகிறவள். பசில்லா பாலாடைக்கட்டியும் தேனும் கொண்டுவந்து வைத்தாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. நீங்க என்ன ஜனம்னு மட்டும் தெரிஞ்சுக்கலாமா? அந்தப் பக்கத்துலேருந்து வந்தவங்கள்ல ஏகப்பட்ட கலப்பாமே" என்றாள் அந்தம்மா.

நான் வாய் திறப்பதற்குள் பசில்லா சொன்னாள்.

"தத்மோர். என் வீட்டுக்காரர் தத்மோர்க்காரர். நானும் அதுதான்."

அந்தம்மா தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். மகன் எழுந்துவிட்டான். கலகம் நடந்து ஐந்து வருஷம் ஆகியும் அந்தப் பெயருக்குப் படைமுகாம் பக்கத்தில் யாரும் வீடு கொடுப்பதில்லை.

"ஏம்மா, நெசமா?" என்று அந்தம்மா என்னைக் கேட்டாள்.

பசில்லா என்னைப் பார்த்தாள். வண்டி கிளம்பிய நாளுக்குப் பிறகு அவள் என்னை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"நெசந்தான். என் மருமகன்தான்" என்றேன்.

அவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். மறுவாரம் கிணற்றில் எங்களுக்கு முறை தர மறுத்தார்கள். நான் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன், ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடத்திலிருந்து பதினொரு நாள் வழியும் ஓர் ஆறும் தள்ளி நின்று சொன்னேன். அதனால் யாரும் எந்த வண்டியிலும் ஏறவில்லை. பசில்லாவின் முகத்திலும் ஒன்றும் மாறவில்லை. தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.

அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. கோரையைப் பிடுங்கிப் பிடுங்கி இருவருக்கும் உள்ளங்கை காய்த்துவிட்டது. தண்ணீருக்கு ஓடை வரை நடக்கிறோம். போகும்போது அவள் முன்னால் போகிறாள், நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போகிறேன். அவள் நடை வேகம். நான் நின்றால் அவள் நிற்பதில்லை.